கழுத்து இறங்காத ஹூடி: குல்லாவில் தொடங்கி ஜிப் வரை

தம்பிக்குப் பின்னிக் கொடுத்த இரண்டாவது ஹூடி ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்துவிட்டது. கழுத்து இறங்கவில்லை, தோள் தோளிலேயே நிற்கிறது, கை மணிக்கட்டோடு முடிகிறது. முதல் ஹூடியில் இந்த மூன்றுமே சரியாக வரவில்லை. இடையில் என்னென்ன மாற்றினேன் என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். ஸ்வெட்டர் வரை பின்னத் தெரிந்தும் ஹூட் வைக்கத் தயங்கி நிற்பவர்களுக்குப் பயன்படும்.

தம்பி நீலகிரியில் கேத்தி பாலாடாவிலிருந்து மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப் போகிறவன். விடியும் முன் வண்டியை எடுக்கும்போது புல் மேல் உறைபனி இருக்கும். மலைப்பாதையில் இறங்கி பர்லியார் தாண்டினால் வேர்க்க ஆரம்பித்துவிடும். ஒரே காலைக்குள் இரண்டு பருவத்தையும் பார்க்கிற ஆளுக்கான உடுப்பு இது. இதை நான் ஆரம்பத்திலேயே யோசித்திருந்தால் ஜிப்பைப் பற்றி அவன் வாயால் கேட்க வேண்டி வந்திருக்காது.

முதலில் குல்லா. ஹூடிக்கு முன் அதே நூலில் ஒரு குல்லா பின்னுவது என் வழக்கம். நூல் கைக்குப் பழகும், கணக்கும் தெரியும். அக்ரிலிக் நூல், 8ஆம் எண் ஊசி, அதாவது 4 மி.மீ. (நம் ஊர்க் கடைகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும், 10ஆம் எண் 3.25 மி.மீ. இணையத்தில் பார்க்கும் வடிவங்களில் மி.மீ. கணக்குதான் இருக்கும் என்பதால் இதை ஒரு அட்டையில் எழுதி ஊசிப் பையில் போட்டு வையுங்கள்.) 10 செ.மீ.க்கு 20 கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 28 வரிசை வந்தது. தம்பியின் தலைச் சுற்று 57 செ.மீ. குல்லா தலையை விட 5 செ.மீ. சிறிதாக இருந்தால்தான் பிடிக்கும். ஆகவே 52 செ.மீ., 104 கண்ணி. இந்த 104 ரொம்ப வசதியான எண்: நான்கால் வகுபடும் என்பதால் இரண்டு நிட் (நேர்க் கண்ணி) இரண்டு பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று மாறி வரும் ரிப் பட்டை மீதமில்லாமல் வரும், எட்டால் வகுபடும் என்பதால் உச்சியை எட்டுப் பாகமாகக் குறைக்கலாம்.

10ஆம் எண் ஊசியில் 5 செ.மீ. ரிப். அப்புறம் 8ஆம் எண்ணுக்கு மாறி, மொத்த உயரம் 15 செ.மீ. ஆகும்வரை நேராகப் போக வேண்டும். குறைக்கும்போது ஒரு சுற்றுக்கு எட்டுக் கண்ணி போகும். முதல் ஆறு குறைப்பை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றும், அடுத்த ஆறை ஒவ்வொரு சுற்றிலும் செய்தால் கடைசியில் எட்டுக் கண்ணி நிற்கும். நூலை அறுத்து அதன் வழியாகக் கோத்து இழுத்தால் உச்சி மூடிவிடும். எல்லாச் சுற்றிலும் ஒரே சீராகக் குறைத்தால் உச்சி கூம்பாகிறது. கடைசியில் வேகப்படுத்தினால்தான் மண்டை வடிவத்துக்கு உருண்டு வரும். முடிந்த உயரம் 21.5 செ.மீ., எடை 70 கிராம் சொச்சம். 100 கிராம் உருண்டை ஒன்றில் ஒரு குல்லா தாராளம்.

குல்லா அளவு பிசகாமல் வந்ததால் அதே கணக்கில் ஹூடிக்குப் போனேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. குல்லாவை எந்நேரமும் தலை தாங்கிக்கொண்டிருக்கிறது. ஹூடி தோளிலிருந்து தொங்குகிறது, தன் எடையைத் தானே சுமக்கிறது. ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

முதல் ஹூடியின் அளவு: மார்பு 96, தளர்வுக்கு 12 சேர்த்து 108 செ.மீ., 216 கண்ணி. நீளம் 66 செ.மீ., அதாவது 185 வரிசை. ஹூட்டின் உச்சியில் தொடங்கிக் கழுத்து வழியாகவே கீழே இறங்கும் வடிவம். எங்கும் மூட்டு கிடையாது, தைக்கிற வேலையும் இல்லை. பின்னும்போது அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முடித்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன்: 860 கிராம். தம்பி ஊட்டியில் வாங்கி வைத்திருந்த கடை ஹூடி 540தான் இருந்தது.

சில துவைப்புக்குப் பிறகு நீளம் 71 செ.மீ. பின்கழுத்து வட்டம் விரிந்து, ஹூட் முதுகுப் பக்கம் சரிந்து, முன்பக்கம் தொண்டையை அழுத்தியது. "அக்கா, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரியே இருக்கு" என்றான். கைகள் விரல் நுனி வரை வந்ததால் ஸ்டியரிங் பிடிக்கும்போது மடித்து மடித்து விட வேண்டியிருந்தது.

நீளத்துக்குக் காரணம் பாதி துவைப்பில் இருந்தது. அம்மா அதைப் பிழிந்து கொடியில் தோள் பக்கம் கிளிப் மாட்டிக் காயப்போட்டிருந்தார். நனைந்து, கையால் அழுத்தி நீரை எடுத்த நிலையில் எடை போட்டுப் பார்த்தேன்: 1.6 கிலோ. அந்த எடையோடு, மூடுபனியில், நாள் கணக்காகத் தொங்கினால் எந்தப் பின்னலும் நீளும். கம்பளியாக இருந்தால் நனைத்து, வடிவத்துக்குக் கூட்டி வைத்தால் ஓரளவு திரும்பி வரும். அக்ரிலிக் அப்படி வராது. சூட்டில் சுருங்குமா என்று ஒரு மாதிரித் துண்டில் நீராவி இஸ்திரி வைத்துப் பார்த்தேன். துண்டு சுருங்குவதற்குப் பதில் தளர்ந்து, வழவழவென்று பளபளப்பேறி, இழுத்த இழுப்புக்குப் போனது. அது மீளவே இல்லை. அக்ரிலிக் உடுப்பில் இஸ்திரியை நேரே வைக்காதீர்கள்.

அதன் பிறகு மாதிரித் துண்டைச் சோதிக்கும் முறையை மாற்றினேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. துண்டு போதாது, 20 செ.மீ. சதுரமாகப் பின்ன வேண்டும். முதல் ஹூடியின் மிச்ச நூலில் 40 கண்ணி, 56 வரிசை பின்னினேன். அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, மேல் ஓரத்தை ஒரு பழைய நேர் ஊசியில் கோத்துத் தொங்கவிட்டேன். கீழ் ஓரத்தில் இன்னொரு ஊசி, அதன் நடுவில் 100 கிராம் எடைக்கல். ஹூடியின் உடல் பகுதியில் 20 செ.மீ. அகலம் சுமக்கிற எடை ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். இரண்டு நாள் தொங்கிய பிறகு, கல்லை எடுக்காமலே அளந்தேன். 20 செ.மீ. உயரம் 21.5 ஆகியிருந்தது; அகலம் 19 ஆகச் சுருங்கியிருந்தது. 10 செ.மீ.க்கு 28 வரிசை இருந்த இடத்தில் 26 வரிசை. 185 வரிசையை இந்தக் கணக்கில் போட்டால் 71 செ.மீ. தம்பியின் உடுப்பில் அளந்ததும் அதே 71. பின்னுவதற்கு முன்பே அந்தத் துண்டு எனக்குச் சொல்லியிருக்கும்.

அடுத்து வேறு நூல் வாங்கினேன்: பாதி கம்பளி, பாதி அக்ரிலிக் கலந்த லூதியானா நூல். ஊசியையும் ஒரு எண் மெலிதாக்கி 9, அதாவது 3.75 மி.மீ. துண்டு 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை என்று இறுக்கமாக வந்தது. கல் கட்டித் தொங்கவிட்டபோது 20 செ.மீ. 20.7 ஆனது, அதாவது 29 வரிசை. கல்லை எடுத்து, மறுபடி நனைத்து விரித்து வைத்ததும் 20க்கே திரும்பியது. இந்தத் திரும்புதலுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம். நீளத்துக்கு 29ஐ எடுத்துக்கொண்டேன்: 66 செ.மீ.க்கு 191 வரிசை.

கழுத்துக்கு விடை வேறு இடத்திலிருந்து வந்தது. சித்தப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன் ஹூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்துல டேப் எங்கே அக்கா?" என்று கேட்டான். தன் டி-ஷர்ட்டின் உட்புறத்தைக் காட்டினான். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை பின்கழுத்து வழியாக மெல்லிய நாடா ஓடுகிறது. பின்னல் துணி எந்தப் பக்கமும் நீளும், நாடா நீளாது. இழுப்பை அது வாங்கிக்கொள்கிறது. நான் மூட்டே இல்லாமல் பின்னியதைச் சிறப்பு என்று நினைத்திருந்தேன். ஹூட்டின் எடை, கீழே இருக்கும் உடலின் எடை இரண்டும் சந்திக்கிற கழுத்தில் மூட்டு இல்லாததுதான் குறை.

ஆகவே இரண்டாவது ஹூடியைக் கழுத்தில் தொடங்கினேன். 88 கண்ணி ஏற்றி, உடலைக் கீழ்நோக்கிப் பின்னிவிட்டு, ஹூட்டைக் கடைசியில் அந்த ஏற்றிய ஓரத்திலிருந்து மறுபடி 88 கண்ணி எடுத்து மேல்நோக்கிப் பின்னுவது. ஏற்றிய ஓரம் உள்ளே ஒரு வரம்பாக நின்றுவிடும். அதன் மேல் நாடா.

ராக்லன் கணக்கு (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் கோட்டில் கையும் உடலும் சேரும் முறை): முன்பக்கம் 18, கை 8, முதுகு 36, கை 8, முன்பக்கம் 18. மொத்தம் 88. நான்கு ராக்லன் கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் எட்டுக் கண்ணி கூட வேண்டும். இப்படி 37 முறை கூட்டினேன். 74 வரிசை, 25 செ.மீ. ஆழம். அக்குளில் பக்கத்துக்கு 10 கண்ணி சேர்த்ததும் முன்பக்கங்கள் 60, 60, முதுகு 120. ஆக 240, கை ஒவ்வொன்றும் 92. தொடக்கத்தில் பின்கழுத்தில் மட்டும் சில அரை வரிசைகள் போய்த் திரும்பி, முதுகை முன்பக்கத்தை விட 4 செ.மீ. உயர்த்திக்கொண்டேன். இதைத் தவிர்க்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரே உயரமாக இருந்தால் நாடா வைத்தாலும் தொண்டை அழுத்தும்.

கை பற்றிச் சொல்ல அதிகமில்லை. 80 செ.மீ. வட்ட ஊசியிலேயே மேஜிக் லூப் முறையில், அதாவது கண்ணிகளை இரண்டு பாதியாகப் பிரித்து மிச்ச வடத்தை வளையமாக வெளியே இழுத்துவிட்டு, சுற்றினேன். ஐந்து வரிசைக்கு ஒரு முறை இரண்டு கண்ணி, 22 முறை குறைத்தால் 48. அங்கிருந்து 6 செ.மீ. ரிப். இரண்டு ஊசியும் சந்திக்கும் இடத்தில் ஏணி மாதிரி இடைவெளி விழும். ஒவ்வொரு சுற்றிலும் சந்திப்பை இரண்டு கண்ணி தள்ளி வைத்தால் விழாது.

நூலில் ஒரு இடறல். முதலில் எட்டு உருண்டைதான் வாங்கினேன். பிறகு போய் அதே கடையில், அதே நிற எண்ணில் இரண்டு வாங்கினேன். கடையின் குழல் விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது. வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால் ஒரு சாயல் கறுத்திருந்தது. சீட்டில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) வேறு. அந்த இரண்டு உருண்டையையும் ஹூட்டுக்கும் கை ரிப்புக்கும் ஒதுக்கினேன். உடலோடு சேரும் இடத்தில் மட்டும் பழைய நூலில் இரண்டு வரிசை, புதிய நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றி 5 செ.மீ. பின்னியதில் சாயல் மாற்றம் தெரியாமல் கரைந்தது. ஒரே தடவையில் பத்து உருண்டை வாங்கி, லாட் எண் சரிபார்த்துவிட்டால் இந்த வேலை மிச்சம்.

ஹூட்: 88 கண்ணியிலிருந்து நடு முதுகின் இரு பக்கமும் கூட்டி, 6 செ.மீ.க்குள் 110 ஆக்கினேன். அதாவது 50 செ.மீ., தலையின் ஒரு பக்கத்துக்கு 25. உயரம் 34 செ.மீ., 102 வரிசை. நேராகவே போய் மேலே மடித்து மூடினால் பின்னுச்சியில் கூர்மையான மூலை நிற்கும். முதல் ஹூடியில் அந்த மூலை நின்றது. இதில் கடைசி 16 வரிசையில் நடு முதுகில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இரண்டு கண்ணியாகக் குறைத்தேன். 94 மீதம், 47, 47 ஆகப் பிரித்து, நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, மூன்றாவது ஊசியால் சேர்த்து முடித்தேன். உச்சி தலையோடு ஒட்டி வட்டமாக அமர்ந்தது.

நாடா 1 செ.மீ. அகலப் பருத்தி நாடா. பருத்தி சுருங்கும் என்பதால் வெந்நீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டினேன். இரண்டு கையின் மேற்பகுதியும் முதுகும் சேர்ந்து 52 கண்ணி, 24 செ.மீ.; மடிக்க இரு பக்கமும் ஒரு செ.மீ. சேர்த்து 26. வரம்பின் மேல் வைத்து, இரண்டு ஓரத்தையும் சாதாரண தையல் நூலால் கையாலேயே தைத்தேன். பின்னலை இழுக்காமல், நாடாவையும் தளர விடாமல் வைப்பதுதான் இதில் இருக்கிற கைவேலை. மடியில் வைத்துத் தைத்தால் இழுபடுகிறது. மேசை மேல் விரித்துத் தைக்க வேண்டும்.

ஜிப்புக்கு வருவோம். முதல் ஹூடி தலை வழியாகப் போடுவது. பர்லியாரில் வேர்க்கும்போது வண்டியை ஓரம் கட்டினால்தான் அதைக் கழற்ற முடியும். "முன்னாடி திறக்கிற மாதிரி போட்டுக் கொடு அக்கா" என்றான். முன்பக்கம் 62 செ.மீ., ஹூட்டுக்குள் 3 செ.மீ. ஏறினால் தாடை வரை காற்று மறையும். ஆகவே 65 செ.மீ. ஜிப், கீழே முழுதாகப் பிரிகிற வகை, பிளாஸ்டிக் பல். உலோகப் பல் எடை கூட, விடியற்காலையில் கழுத்தில் சில்லென்று படும்.

முன் ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்று எடுத்து, கார்ட்டர் பின்னலில் (எல்லா வரிசையும் நிட்) ஒரு சிறு பட்டை போட்டேன். 22க்கு 30 என்ற கண்ணி, வரிசைக் கணக்கில் இந்த விகிதம் ஓரத்தைச் சுருக்காமலும் விரிக்காமலும் வைக்கிறது. ஜிப்பை முதலில் அலசுவதற்கு முன்பே தைத்துவிட்டேன். அலசியதும் பின்னல் தளர்ந்தது, ஜிப் தளரவில்லை; முன்பக்கம் முழுக்க அலை அலையாக நின்றது. பிரித்தெடுத்து, உடுப்பை விரித்துக் காயவைத்து, ஜிப்பை மூடிய நிலையிலேயே நடுவிலிருந்து மேலும் கீழுமாக 3 செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்தினேன். அப்புறம் ஓட்டுத் தையல், அதன் பிறகுதான் பின் தையல். பட்டையும் உடலும் சேரும் பள்ளத்தில் ஊசியை ஓட்டினால் வெளியில் தையல் தெரியாது. ஹூடியின் மொத்த வேலையில் பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். இரவு விளக்கில் உட்காராதீர்கள். பகல் வெளிச்சம் வேண்டும்.

ஜிப் வந்தபின் குறுக்கே ஓடும் ஒற்றைப் பை சாத்தியமில்லை. இரு பக்கமும் தனித்தனிப் பை. தம்பியின் போன் 200 கிராம் இருக்கும், கூடவே மண்டிச் சீட்டு, சில்லறை. பின்னலிலேயே பை வைத்தால் அந்த இடம் மட்டும் தொங்கும். ஆகவே பையின் வாயை மட்டும் ரிப்பில் பின்னி, உள்பையை அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் தைத்தேன். உள்பையின் ஓரத்தை ஜிப்பின் துணியோடு சேர்த்துத் தைத்ததால் போனின் இழுப்பு அந்த இடத்துப் பின்னலில் விழாமல் ஜிப் துணிக்குப் போகிறது.

துவைக்கும் விதமும் மாறியது. கொடி கிடையாது. தம்பியின் காய்கறி கிரேட் இரண்டைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பழைய பருத்திப் புடவை, அதன் மேல் ஹூடி. கிரேட்டின் துளைகள் வழியாகக் கீழிருந்தும் காற்று ஏறுவதால் மழைக்காலத்திலும் வாடை வராமல் காய்கிறது. அம்மாவுக்கும் இந்த முறை பிடித்துப்போய், இப்போது வீட்டு ஸ்வெட்டர்கள் எல்லாம் கிரேட் மேல்தான்.

செலவு: முதல் ஹூடிக்கு அக்ரிலிக் ஒன்பது உருண்டை, ஒன்று 80 ரூபாய் வீதம் 720. இரண்டாவதற்குக் கலப்பு நூல் பத்து உருண்டை, ஒன்று 170 வீதம் 1,700. ஜிப் 90, நாடா மீட்டர் 12. மொத்தம் 1,802 ரூபாய். உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. எடை 820 கிராம், அதாவது முதல் ஹூடியை விடப் பெரிதாகக் குறையவில்லை. எடையைத் தாங்கும் இடம்தான் மாறியிருக்கிறது. மீதி 180 கிராமில் இரண்டு குல்லா வந்தன. இந்த இறுக்கத்தில் 104க்குப் பதில் 112 கண்ணி ஏற்ற வேண்டும். அதுவும் நான்கிலும் எட்டிலும் அடங்கும். ஒன்றை ரிப்பை இரட்டிப்பாக்கி மடித்து வைக்கிற மாதிரி பின்னினேன். காது மேல் இரண்டு மடிப்பு விழுவதால் தம்பி அதைத்தான் எடுத்துக்கொண்டான்.

அடுத்ததில் மாற்றப் போவது மூன்று. ஹூட் ஓரத்து ரிப் இன்னும் உள்ளே சுருள்கிறது. அதை மட்டும் 10ஆம் எண் ஊசிக்கு மாற்றி, 4 செ.மீ. பின்னி உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். கை முழங்கையில் உராய்ந்து நூல் உருள ஆரம்பித்திருக்கிறது. அந்த இடத்தில் அதே நூலோடு ஒரு மெல்லிய நைலான் இழையைச் சேர்த்துப் பின்னிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, அக்குளில் 10 கண்ணி கொஞ்சம் குறைவு. வண்டியில் லோடு கட்டக் கை தூக்கும்போது கீழ் ஓரமும் சேர்ந்து ஏறுகிறது. அங்கே 14 ஏற்றி, ராக்லனில் இரண்டு முறை குறைவாகக் கூட்டினால் மார்புக் கணக்கு அதே 240ல் நிற்கும்.

அம்மா மங்கி குல்லா கேட்டிருக்கிறார், சாம்பல் நிறத்தில். அதற்கான 20 செ.மீ. துண்டு இப்போது சமையலறை ஆணியில் கல்லோடு தொங்குகிறது. குல்லாவுக்கு அது தேவையில்லைதான். நூல் நன்றாக இருந்தால் அதிலேயே அவருக்கும் ஒரு ஹூடி போடுவதாக இருக்கிறேன்.